அமைச்சரை எங்கே நிறுத்திக் கேட்பது?

வருஷக்கணக்காக மனு கொடுத்து, "பரிசீலனையில் இருக்கிறது" என்ற ஒரே பதிலை வாங்கி வாங்கிச் சலித்துப்போன ஒரு இயக்கம். அதனிடம் ஊருக்கெல்லாம் முகம் தெரிந்த ஒருவர் வந்து, "நான் உங்க பக்கம் நிற்கிறேன், என்ன செய்யணும் சொல்லுங்க" என்று கேட்கிறார். உடனே எல்லோருக்கும் தோன்றுவது ஒன்றுதான். அவரைக் கூட்டிக்கொண்டு போய் அமைச்சர் எதிரே நிறுத்துவோம், கேமரா ஓடட்டும், இத்தனை நாள் வாசலில் காக்க வைத்த ஆள் ஒரு நிமிஷமாவது பதில் தெரியாமல் விழிக்கட்டும். அந்தக் கோபத்தில் தப்பே இல்லை, காத்துக் கிடந்தவர்களுக்கு அதற்கு முழு உரிமை உண்டு. ஆனால் ஒரு பிரபலத்தின் துணை அடிக்கடி கிடைக்காது, ஒருமுறை செலவழித்துவிட்டால் அடுத்த முறை அதே மதிப்பு இருக்காது, அதனால் அதை எங்கே செலவழிப்பது என்று உட்கார்ந்து யோசித்தே ஆக வேண்டும்.

நேருக்கு நேர் மடக்குவது ஒரு வழி. பகிரங்கக் கடிதம் இன்னொன்று. நாடாளுமன்றக் குழு முன்னால் சாட்சியம் சொல்வது, கதவைச் சாத்திக்கொண்டு பேசுவது, தெருவில் உட்கார்ந்து கைதாவது என்று மற்ற மூன்று. இந்த ஐந்தில் எது சரி என்று பார்க்க நான் முதலில் கேட்பது ஒரே கேள்வி: எதிரே நிற்கப்போகும் அந்த ஆளால் நாளைக் காலையில் தன் கையெழுத்தைப் போட்டு எதை மாற்ற முடியும்? இதற்குப் பதில் தெளிவாக இருந்தால் கேமரா முன்னால் கேளுங்கள். இல்லையென்றால் வேறு வழி பாருங்கள்.

நேருக்கு நேர் மடக்குவது எப்படிப் பலிக்கும் என்பதற்கு பிரிட்டனில் 2009 மே மாதம் நடந்ததைவிடத் துல்லியமான உதாரணம் எனக்குத் தெரியாது. பிரிட்டிஷ் ராணுவத்தில் பணிபுரிந்த நேபாள கூர்க்கா வீரர்களில் 1997 ஜூலைக்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கு பிரிட்டனில் குடியேறும் உரிமை மறுக்கப்பட்டிருந்தது. நடிகை ஜோனா லம்லியின் தந்தை கூர்க்கா படைப்பிரிவில் அதிகாரியாக இருந்தவர், அந்த உறவில் அவர் இந்தப் போராட்டத்துக்குள் வந்தார். 2008 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அரசின் கொள்கை சட்டவிரோதம் என்றது. 2009 ஏப்ரலில் அரசு புதிய விதிகளைக் கொண்டுவந்தது. அதில் ஒரு வழி 20 வருஷ சேவை. சாதாரண சிப்பாய்களை வழக்கமாக 15 வருஷத்திலேயே வீட்டுக்கு அனுப்பிவிடும் ராணுவம் அது! ஏப்ரல் 29 அன்று நாடாளுமன்றத்தில் நடந்த வாக்கெடுப்பில் 267க்கு 246 என்று அரசு தோற்றது. மே 6 அன்று பிரதமர் கார்டன் பிரவுன் லம்லியைச் சந்தித்தார், அவரும் நம்பிக்கையோடு வெளியே வந்தார்.

மறுநாள், முன்னாள் வீரர்கள் சிலருக்கு அனுமதி மறுத்துக் கடிதம் போயிருக்கிறது என்ற செய்தி வந்தது. அந்தக் கடிதங்களை அனுப்பியது குடியேற்றத் துறை, அதற்கு அமைச்சர் ஃபில் வூலஸ். வெஸ்ட்மின்ஸ்டரில் தொலைக்காட்சி ஸ்டுடியோக்கள் இருக்கும் கட்டிடத்தில் லம்லி அவரைப் பிடித்தார். தாழ்வாரத்தில் கேமராக்கள் பின்தொடர, இருவரும் முதலில் ஒரு அறைக்குள் போய்ப் பேசினார்கள். அப்புறம் வெளியே வந்து பத்திரிகையாளர்கள் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். இதற்குப் பிறகு நடந்ததைக் கொஞ்சம் உன்னிப்பாகக் கவனிக்க வேண்டும். லம்லி கத்தவில்லை. உள்ளே அமைச்சர் ஒத்துக்கொண்டவை இவை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் அவர் பக்கம் திரும்பி, சரிதானே என்று உறுதி கேட்டார். அமைச்சருக்குத் தலையாட்டுவதைத் தவிர வழியே இல்லை. மே 21 அன்று உள்துறை அமைச்சர் ஜாக்கி ஸ்மித் அறிவித்தார்: குறைந்தது நான்கு வருஷம் பணியாற்றிய எல்லா கூர்க்கா வீரர்களும் குடியேறலாம்.

எல்லோருக்கும் ஞாபகம் இருப்பது அந்தத் தாழ்வாரக் காட்சிதான். அது பலித்ததற்கான காரணம் அந்தக் காட்சியில் இல்லை. நீதிமன்றத் தீர்ப்பு கையில் இருந்தது, நாடாளுமன்ற வாக்கெடுப்பு கையில் இருந்தது, வழக்கறிஞர்களும் முன்னாள் வீரர்களும் பல வருஷம் உழைத்திருந்தார்கள். அந்தக் கடிதங்களை அனுப்பிய துறையின் அமைச்சரே எதிரில் இருந்தார். கேட்டது ஆமாம் அல்லது இல்லை என்று பதில் சொல்லக்கூடிய விஷயம். இத்தனையும் கூடிவந்த பிறகுதான் ஒரு நடிகை பக்கத்தில் நின்று மெதுவாகக் கேட்டதே போதுமானதாக இருந்தது. இவற்றில் பாதி இல்லாமல் போய் மடக்கினால் ஒரு வீடியோ கிடைக்கும். வீரருக்கு விசா கிடைக்காது.

இதற்கு நேர் எதிராக என் மனதைக் குடைவது 1968 ஜனவரி 18. வெள்ளை மாளிகையில் அதிபர் ஜான்சனின் மனைவி ஒரு மதிய விருந்து வைத்தார், பெருகிவரும் குற்றங்களைப் பற்றிப் பெண்கள் பேசுவதற்காக. பாடகி எர்த்தா கிட் அழைக்கப்பட்டிருந்தார். இளைஞர்கள் ஏன் கொதித்துப் போயிருக்கிறார்கள் என்பதற்கு அவர் நேராக வியட்நாம் போரைக் காட்டினார்: பெற்று வளர்த்த பிள்ளைகளைச் சுடப்படவும் ஊனமாகவும் அனுப்புகிறீர்கள். சொன்னது அத்தனையும் சத்தியம். அந்த அறையில் அதைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் அதற்கான விலையை முழுக்க அவர் ஒருவரே கொடுத்தார். அமெரிக்காவில் வாய்ப்புகள் வற்றிப்போய், பல வருஷம் வெளிநாட்டு மேடைகளில்தான் பிழைப்பு. சிஐஏ அவரைப் பற்றிக் கோப்பு தயாரித்திருந்தது 1975இல் வெளியே வந்தது. போர் நிற்கவில்லை. போரை நிறுத்தும் கையெழுத்து அந்த விருந்து கொடுத்தவரிடம் இல்லை, கிட்டுக்குப் பின்னால் அன்று எந்த அமைப்பும் வரிசையாக நிற்கவும் இல்லை.

கிட் பேசியிருக்கக் கூடாது என்று நான் சொல்லவே மாட்டேன். மனசாட்சி பேசச் சொன்னால் ஒருவர் பேசலாம், அதன் விலையைத் தானே கொடுக்கலாம், அது அவருடைய முடிவு. ஆனால் ஒரு இயக்கம் தன் பிரபலத்தை அப்படி ஒரு இடத்துக்குத் தெரிந்தே அனுப்பினால் அது வேறு கதை. அனுப்பியவர்கள் பாதுகாப்பாக வீட்டில் இருப்பார்கள், போனவர் பத்து வருஷம் அனுபவிப்பார். பிரபலம்தானே, பணம் இருக்கிறதே, தாங்கிக்கொள்வார் என்று சர்வசாதாரணமாகச் சொல்வதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அவர் சம்மதிப்பதற்கு முன்னாலேயே இந்த விலையை விளக்கமாகச் சொல்லிவிட வேண்டும், அவருடைய தொழிலை முடக்கினால் நாம் என்ன செய்வோம் என்பதையும் சேர்த்து.

சரி, கடிதத்துக்கு வருவோம். நேரில் மடக்குவதைவிட இது சாது வழி என்று பலர் நினைக்கிறார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. 2020 ஜூன் 15 அன்று கால்பந்து வீரர் மார்கஸ் ராஷ்ஃபோர்ட் பிரிட்டன் நாடாளுமன்ற உறுப்பினர்கள் எல்லோருக்கும் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். ஏழைக் குழந்தைகளுக்கான பள்ளி உணவு வவுச்சரைக் கோடை விடுமுறையிலும் தொடருங்கள், அவ்வளவுதான் கோரிக்கை. முழுநேர வேலை பார்த்தும் வீட்டில் எல்லோருக்கும் வயிறு நிறையச் சாப்பாடு போட முடியாமல் தன் அம்மா பட்ட பாட்டை எழுதியிருந்தார். மறுநாளே அரசு இறங்கி வந்தது: 12 கோடி பவுண்ட், சுமார் 13 லட்சம் குழந்தைகள், ஆறு வாரத்துக்கு வாரம் 15 பவுண்ட். யாரையும் தாழ்வாரத்தில் துரத்தவில்லை.

கடிதத்தின் பலம் எங்கே என்றால், அமைச்சருக்கு அது ஒரு வழி விட்டுவைக்கிறது. கேமரா முன்னால் மடக்கப்பட்டவர் அந்த இடத்திலேயே பணிய வேண்டும், இல்லை முறைத்துக்கொள்ள வேண்டும். முறைத்துக்கொண்டவர் அப்புறம் மானப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டு வருஷக்கணக்கில் கிடப்பில் போடுவார். கடிதம் வந்தால் ராத்திரி தன் ஆட்களோடு கூடிப் பேசி, காலையில் தானே யோசித்து எடுத்த முடிவு போல அறிவிக்கலாம். அந்தப் பெருமையை அவர் எடுத்துக்கொள்ளட்டும், நமக்கு என்ன நஷ்டம்? பிள்ளைகளுக்குச் சாப்பாடு கிடைத்தால் சரி.

ஆனால் கடிதம் ஒரே அடியில் வேலையை முடித்துவிடும் என்று எண்ண வேண்டாம். அதே வருஷம் அக்டோபரில் விடுமுறை உணவை நீட்டிக்கும் தீர்மானத்தை நாடாளுமன்றம் 322க்கு 261 என்று தோற்கடித்தது. ராஷ்ஃபோர்ட் விடவில்லை. அவர் தொடங்கிய மனுவில் பத்து லட்சத்துக்கு மேல் கையெழுத்து விழுந்தது, உள்ளூர் சபைகளும் சிறு உணவகங்களும் தாங்களே குழந்தைகளுக்குச் சாப்பாடு தர முன்வந்தார்கள், நவம்பரில் அரசு மறுபடியும் இறங்கி வந்தது. ஜூனில் போதுமாக இருந்த கடிதத்துக்கு அக்டோபரில் ஊரே பின்னால் நிற்க வேண்டியிருந்தது.

கடிதத்தில் இன்னொரு ஆபத்து, ஒரு வரி. 2020 செப்டம்பரில் நடிகர் சூர்யா நீட் தேர்வைக் கண்டித்து அறிக்கை விட்டார். மாணவர்கள் அடுத்தடுத்து உயிரை விட்ட துயரத்தில் எழுதியது, ஒவ்வொரு சொல்லிலும் வலி இருந்தது. கொரோனா அச்சத்தில் காணொளி வழியே விசாரணை நடத்தும் நீதிமன்றம் மாணவர்களை மட்டும் அச்சமின்றிப் போய்த் தேர்வு எழுதச் சொல்கிறது என்று அதில் ஒரு வரி. நீதிபதி ஒருவர் அதை நீதிமன்ற அவமதிப்பாக எடுக்கச் சொல்லித் தலைமை நீதிபதிக்கு எழுத, அடுத்த சில நாள் பேச்சு முழுக்க அவமதிப்பா இல்லையா என்பதைச் சுற்றியே ஓடியது. கடைசியில் நடவடிக்கை தேவையில்லை என்று உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனால் அந்த நாட்களில் செத்துப்போன பிள்ளைகளைப் பற்றி நடக்க வேண்டிய பேச்சு ஓரத்துக்குப் போய்விட்டது. அந்த வரி தப்பு என்பதல்ல என் வாதம். எதிர்த் தரப்பு எந்த வரியைப் பிடித்துக்கொண்டு தொங்கும் என்று வெளியிடும் முன்பே, சட்டம் தெரிந்த ஒருவரை வைத்துப் பார்த்துவிட வேண்டும்.

அடுத்தது குழு அறை. நாகரிகம் குறையாத வழி இது, ஆவணத்தில் ஏறும் வழியும் இதுதான். 2019 ஜூன் 11 அன்று நகைச்சுவைக் கலைஞர் ஜான் ஸ்டூவர்ட் அமெரிக்க நாடாளுமன்றத்தின் துணைக்குழு ஒன்றின் முன் உட்கார்ந்தார். 2001 செப்டம்பர் 11 இடிபாடுகளில் மீட்பு வேலை செய்து, நச்சுப் புகையைச் சுவாசித்து நோயாளியானவர்களுக்கான இழப்பீட்டு நிதி தீர்ந்துகொண்டிருந்தது. அவருக்குப் பின்னால் அந்த நோயாளிகள், முன்னாலோ வரிசையாகக் காலி நாற்காலிகள். இவர்கள் சாகக் கிடக்கும் உடம்பைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள், கேட்க ஆள் இல்லை என்று குரல் உடையப் பேசினார். அன்று சாட்சி சொன்ன ஓய்வுபெற்ற துப்பறிவாளர் லூயி அல்வாரெஸ் அந்த மாதம் 29ஆம் தேதியே புற்றுநோயில் இறந்துபோனார். ஜூலையில் மசோதா ஒரு அவையில் 402க்கு 12, இன்னொன்றில் 97க்கு 2 என்று நிறைவேறியது.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. அந்தக் காலி நாற்காலிகளில் பல, அன்றைய துணைக்குழுவில் இல்லாத பெரிய குழு உறுப்பினர்களுடையவை, ஏனென்றால் கூட்டம் பெரிய குழுவின் அறையில் நடந்தது. குழுத் தரப்பு உடனே அதைச் சொல்லிச் சமாளிக்கப் பார்த்தது. ஸ்டூவர்ட் விஷயத்தில் அது எடுபடவில்லை, காரணம் அவர் பல வருஷமாக அந்த மீட்புப் பணியாளர்களோடு அலைந்து, இதற்கு முந்தைய சட்டங்களுக்கும் போராடியிருந்தார். நேற்று வந்த ஒருவர் இதையே சொல்லியிருந்தால், நாற்காலிக் கணக்கு தெரியாத ஆள் என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். 1985இல் அமெரிக்க விவசாயிகள் கடனில் மூழ்கிக்கொண்டிருந்தபோது, திரையில் விவசாயக் குடும்பத்துப் பெண்களாக நடித்த ஜெசிக்கா லாங், சிஸ்ஸி ஸ்பேசெக், ஜேன் ஃபோண்டா மூவரும் நாடாளுமன்ற உறுப்பினர்கள் முன் பேசினார்கள். அக்கறை உண்மையானதுதான். ஆனால் வேஷம் கட்டியவர்களுக்கு விவசாயம் என்ன தெரியும் என்ற கேலிதான் முன்னால் வந்து நின்றது. குழு அறைக்குப் பிரபலத்தை அனுப்புவதாக இருந்தால், அவர் அந்தப் பிரச்சினையோடு எத்தனை காலம் இருந்திருக்கிறார் என்று பாருங்கள். புதியவர் என்றால் அவர் இரண்டு நிமிஷம் பேசிவிட்டு, பாதிக்கப்பட்டவரிடம் மைக்கைக் கொடுக்கட்டும்.

ஸ்டூவர்ட் 2022இல் குழு அறையை விட்டுவிட்டு வெளியே வந்து மடக்கினார், அதற்கும் காரணம் இருந்தது. ராணுவக் குப்பைக் குழிகளின் புகையால் நோயுற்ற முன்னாள் வீரர்களுக்கான மசோதா ஜூன் மாதம் செனட்டில் 84க்கு 14 என்று தேறியது. சிறு திருத்தத்தோடு திரும்பி வந்தபோது, ஜூலை 27 அன்று, முன்பு ஆதரித்தவர்களே மாறி வாக்களித்துத் தடுத்தார்கள். மறுநாளே நாடாளுமன்றக் கட்டிடத்துக்கு வெளியே நின்று அவர்களைப் பேர் சொல்லிக் கேட்டார், வீரர்கள் படிக்கட்டில் ராப்பகலாக உட்கார்ந்தார்கள், ஆகஸ்ட் 2 அன்று 86க்கு 11 என்று மசோதா தேறியது. அன்று சரி என்ற நீங்கள் இன்று ஏன் இல்லை என்கிறீர்கள் என்று கேட்க முடிந்தால், அதைவிடக் கூர்மையான கேள்வி வேறு இல்லை. அவர்களுடைய சொந்த வாக்கே அவர்களுக்கு எதிரான சாட்சி. இப்படி ஒரு முரண் கையில் சிக்கினால் தயங்காமல் கேமராவைக் கூப்பிடுங்கள், குழு கூடும்வரை காத்திருக்க வேண்டாம்.

கதவைச் சாத்திக்கொண்டு பேசும் வழியைக் கொள்கைப்பிடிப்பு உள்ளவர்கள் கேவலமாகப் பார்ப்பார்கள். பாடகர் போனோ 2000 வாக்கில் அமெரிக்க செனட்டர் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸைப் போய்ப் பார்த்தார். வெளிநாட்டு உதவி என்றாலே எரிந்து விழும் பழமைவாதி அவர். அவரிடம் பைபிள் மொழியில் ஏழை நாடுகளின் கடனையும் எய்ட்ஸையும் பற்றிப் பேசி மனதைத் திருப்பினார். அந்த ஆளை மேடையில் மடக்கியிருந்தால் அவர் இன்னும் இறுகியிருப்பார். ஆனால் இந்த வழியில் ஒரு வழுக்கல் உண்டு. அடுத்த அழைப்பு வர வேண்டுமே என்ற கவலையில் கேள்வி மெல்ல மெல்ல மழுங்கும், போட்டோ மட்டும் அழகாக வரும். போனோ மீதும் அதிகாரத்தோடு அதிகம் குழைகிறார் என்ற விமர்சனம் நெடுநாள் இருந்தது. அதனால் மூடிய அறைக்குள் பிரபலத்தைத் தனியாக விடக் கூடாது. இயக்கத்தின் ஆள் ஒருவர் குறிப்பேட்டோடு பக்கத்தில் உட்கார வேண்டும், சந்திப்பு முடிந்த அன்றே, பேசியது இதுதான் என்று ஒரு கடிதம் அந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

கைதாவதைப் பற்றி நீட்டிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. 2019 அக்டோபரில் இருந்து ஜேன் ஃபோண்டா வெள்ளிக்கிழமைதோறும் வாஷிங்டனில் பருவநிலைக்காகப் போராடிப் பலமுறை கைதானார், 80 வயதைத் தாண்டிய ஒருவர் கையில் விலங்கோடு நடந்த காட்சி உலகம் முழுக்கப் போனது. கவனம் ஈர்க்க இது நல்ல வழி. ஆனால் அங்கே எதிரே நிற்பது காவலர், முடிவெடுக்கும் ஆள் அல்ல. உங்கள் பிரச்சினையை யாருமே கேள்விப்படவில்லை என்றால் மட்டும் இதை எடுங்கள். கூடவே கைதாகும் பெயர் தெரியாதவர்களுக்கு வழக்கறிஞரும் ஜாமீனும் தயாராக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பிரபலம் அன்று மாலையே வெளியே வந்துவிடுவார்.

எந்த வழியானாலும் ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கீழ்மட்ட அலுவலரை மடக்காதீர்கள். கவுன்ட்டரில் உட்கார்ந்து மேலிடத்து உத்தரவை வாசிக்கும் ஒருவர் முன்னால் லட்சக்கணக்கான ரசிகர்கள் உள்ள ஒருவரைக் கேமராவோடு நிறுத்தினால் அது அதிகாரத்தைக் கேள்வி கேட்பது ஆகாது, பலமுள்ளவர் பலமில்லாதவரை அழ வைப்பது. அன்று ராத்திரியே அந்த அலுவலரின் குடும்பப் படங்களைக்கூட இணையத்தில் தேடி எடுத்து வைவார்கள், அதை அந்தப் பிரபலமே நினைத்தாலும் நிறுத்த முடியாது. வூலஸ் அமைச்சர். அவருக்கு மைக் இருந்தது, துறை இருந்தது, மறுத்துப் பேசும் வசதி இருந்தது.

ஆக, இப்போது முடிவெடுக்க வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்கு என் யோசனை: கடிதத்தில் தொடங்குங்கள், ஒரே கோரிக்கை, ஒரு தேதி. தேதி தாண்டினால் குழு அறைக்குப் போங்கள், அங்கே சொன்னது ஆவணத்தில் ஏறும். அதற்குப் பிறகும் அமைச்சர் சொன்ன சொல்லை மீறினால் மட்டும் நேரில் மடக்குங்கள், அவர் கையெழுத்திட்ட காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பாதிக்கப்பட்ட ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு. மூடிய அறையை எப்போது வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், ஆனால் மற்றவற்றுக்குப் பதிலாக அல்ல.

வென்ற பிறகு என்ன என்பதையும் இப்போதே எழுதி வையுங்கள். குடியேறும் உரிமை கிடைத்து பிரிட்டன் வந்த முதிய கூர்க்காக்கள் பலர் குறைந்த ஓய்வூதியத்தில் திண்டாடினார்கள். 2010 மார்ச்சில் ஒரு அமைச்சர், வீரர்களை இடைத்தரகர்கள் ஏமாற்றுவதைப் பற்றி லம்லி வாய் திறக்கவில்லை என்று தாக்கி, அப்புறம் மன்னிப்புக் கேட்டார். ஓய்வூதியச் சமத்துவம் கேட்டு 2021 ஆகஸ்டில் முன்னாள் வீரர்கள் பிரதமர் இல்லத்துக்கு எதிரே 13 நாள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அது ஆமாம், இல்லை என்று ஒரு தாழ்வாரத்தில் பதில் வாங்கக்கூடிய கேள்வி அல்ல, பல வருஷக் கணக்கும் பட்ஜெட்டும் சம்பந்தப்பட்டது. அந்த நீண்ட வேலைக்கு யார் பொறுப்பு, பிரபலம் அதில் எவ்வளவு நாள் கூட இருப்பார் என்பதை, அவர் முதல் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன்பே அவரிடம் கேட்டுவிடுங்கள்.